தாத்தாவின் மைக்செட் கடையில் மிஞ்சிய இசைத்தட்டுகள்: இவற்றை எப்படி, யாரிடம் காப்பது?

கேள்வி: மைக்செட்காரர் பேரன்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் தாத்தா 1940களின் இறுதியிலிருந்து கும்பகோணத்தை அடுத்த ஒரு சிற்றூரில் மைக்செட் கடை வைத்திருந்தார். கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா என்று சுற்றுவட்டாரத்தில் எது நடந்தாலும் குழாய் ஒலிபெருக்கி கட்டி ரெக்கார்டு போடுவது அவர் தொழில். கடையை மூடி முப்பது ஆண்டுகள் ஆகின்றன. சென்ற மாதம் பழைய வீட்டைச் சீரமைக்கும்போது பரண்மேல் இரண்டு தகரப் பெட்டிகள் கிடைத்தன. அவற்றில் ஏறத்தாழ 200 இசைத்தட்டுகள் இருக்கின்றன. ஹிஸ் மாஸ்டர்ஸ் வாய்ஸ், கொலம்பியா, ஓடியன் ஆகிய முத்திரைகளைப் படிக்க முடிகிறது. பல தட்டுகளின் உறைகளைக் கரையான் தின்றுவிட்டது. நாடகங்களை ஆறேழு தட்டுகளாகப் பதிவுசெய்து விற்ற 'செட்'டுகள் சில முழுமையாகவும், சில இடையில் தட்டுக் குறைந்தும் உள்ளன. இவை தவிர, தாத்தா கிரண்டிக் டேப்ரெக்கார்டரில் தாமே பதிவுசெய்த ஒன்பது ஸ்பூல் டேப்புகளும் ஒலிபெருக்கிகளோடு ஒரே அலமாரியில் இருந்தன.

உறவினர்கள் இவற்றைப் பழைய பொருள் வியாபாரியிடம் கொடுத்துவிடலாம் என்கிறார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. ஓலைச்சுவடியையும் கல்வெட்டையும் நாட்டின் மரபுச் செல்வம் என்று மதிக்கிற நாம், நூறு ஆண்டுகளுக்கு முன்பு வாழ்ந்தவர்களின் குரலை அவ்வாறு மதிக்கிறோமா என்பது எனக்குத் தெரியவில்லை. அமெரிக்காவில் ஒலிப்பதிவுகளுக்கென்றே தேசியப் பட்டியல் ஒன்று இருப்பதாகப் படித்தேன். இங்கே ஒரு தனிமனிதர் வீட்டில் இருக்கும் தட்டுகளை அப்படி ஒரு பொதுச் செல்வமாகச் சேர்க்க வழி உண்டா? நானே டிஜிட்டலாக்கி இணையத்தில் வைத்தால் பதிப்புரிமைச் சிக்கல் வருமா? அதற்கு முன் தட்டுகளைச் சுத்தம் செய்ய வேண்டும். ஸ்பிரிட் கொண்டு துடைத்தால் பளிச்சென்று ஆகிவிடும் என்று பக்கத்து வீட்டு அன்பர் சொல்கிறார். அதைச் செய்யலாமா?

மறுமொழி: ஒலிநாடா

நண்பருக்கு வணக்கம். கடைசிக் கேள்விக்கு முதலில் விடை சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது அவசரமானது. ஸ்பிரிட்டைத் தட்டுகளின் அருகே கொண்டுசெல்ல வேண்டாம். 78 சுழற்சித் தட்டு (நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பழைய தட்டு) பெரும்பாலும் அரக்கால் ஆனது. அரக்கோடு கற்பொடியும் கரியும் கலந்து, சூட்டில் அழுத்தி எடுத்த வார்ப்பு அது. (உலகெங்கும் பாடிய இத்தட்டுகளுக்கான அரக்கில் பெரும்பகுதி நம் நாட்டுக் காடுகளிலிருந்தே கப்பலேறியது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு மேலிடுகிறது.) மரச்சாமான்களுக்கு மெருகு பூசும் ஆசாரி அரக்கைக் கரைப்பது ஸ்பிரிட்டில்தான். அதே ஸ்பிரிட் உங்கள் தட்டின் வரிகளையும், அதாவது ஒலி பதிந்த பள்ளங்களையும், கரைத்துவிடும். மென்மையான தூரிகையால் தூசியை அகற்றுங்கள். மிகவும் தேவைப்பட்டால் காய்ச்சி வடித்த நீரை, நடுவில் உள்ள காகிதத்தில் படாமல், சிறிதளவு பயன்படுத்தி உடனே துடைத்து உலர்த்தலாம். ஆனால் தண்ணீர் தொடுவதற்கு முன் ஒவ்வொரு தட்டும் உண்மையில் அரக்குத் தட்டுதானா என்று பாருங்கள். ஓரத்தில் உலோகம் தெரிந்தால் அது அலுமினியத் தகட்டின்மேல் மெல்லிய பூச்சுக் கொடுத்து அந்த இடத்திலேயே பதிவுசெய்த தட்டாக இருக்கும். அந்தப் பூச்சு காலப்போக்கில் சுருங்கி, வெடித்து, செதில்செதிலாக உதிரும். அப்படி ஒன்று இருந்தால் துடைக்காமல் தனியே எடுத்து வையுங்கள்.

அடுத்தது, டேப்புகளை ஒலிபெருக்கிகள் இருக்கும் அலமாரியிலிருந்து இன்றே வெளியே எடுங்கள். ஒலிபெருக்கிக்குள் இருக்கும் காந்தம், நெருங்கி இருக்கும் டேப்பின் பதிவை மங்கச் செய்யும். பிறகு ஒவ்வொரு பெட்டியையும் திறந்து முகர்ந்து பாருங்கள். வினிகர் நெடி அடித்தால் டேப்பின் அடித்தளமான அசிடேட் சிதையத் தொடங்கிவிட்டது என்று பொருள். ஒரு டேப்பிலிருந்து கிளம்பும் அந்த ஆவி அருகில் உள்ளவற்றையும் கெடுக்கும் என்பதால் அதைப் பிரித்து வைக்க வேண்டும். அதைத்தான் முதலில் டிஜிட்டலாக்க வேண்டும்.

நீங்கள் தட்டுகளைப் பற்றியே அதிகம் எழுதியிருக்கிறீர்கள். ஒலிப்பதிவு வேலையில் முப்பது ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் நான் முன்னுரிமையைத் தலைகீழாக மாற்றச் சொல்வேன். கடையில் விற்ற தட்டுக்கு இன்னொரு படி எங்கோ ஒரு பரணில் இருக்கக்கூடும். உங்கள் தாத்தா திருவிழாவில் பதிவுசெய்த டேப்புக்கு உலகில் வேறு படி கிடையாது. அந்த ஒன்பது ஸ்பூல்களும் அழிந்தால் அந்த ஒலி அத்தோடு முடிந்தது. 2019இல் யுனெஸ்கோவின் 'அனைவருக்கும் தகவல்' திட்டமும் அனைத்துலக ஒலி, ஒளி ஆவணக் காப்பகங்களின் சங்கமும் சேர்ந்து, காந்த நாடாக்களை டிஜிட்டலாக்க 2025க்குப் பிறகு காலம் இராது என்று எச்சரித்தன. நாடா கெடுவது ஒருபக்கம் இருக்க, அதை ஓட்டும் இயந்திரமும், அதன் தலைப்பகுதியும், பழுதுபார்க்கத் தெரிந்த கைகளும் குறைந்துகொண்டே வருவதுதான் அந்த எச்சரிக்கைக்கு முக்கியக் காரணம்.

டிஜிட்டலாக்கும் முறை பற்றிச் சிலவற்றைச் சொல்கிறேன். பழைய சாவி கொடுக்கும் கிராமபோனில் இந்தத் தட்டுகளை ஓடவிடாதீர்கள். அதன் ஒலிப்பெட்டியின் எடையும் இரும்பு ஊசியும் ஒவ்வொரு சுற்றிலும் வரிகளைத் தேய்க்கும். பிற்காலத்தில் வந்த எல்.பி. என்னும் நெடுநேரத் தட்டுக்கான ஊசியும் உதவாது. 78 தட்டின் வரி அகலமானது. அதற்கு ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் மூன்று பங்கு அளவுள்ள முனை வேண்டும். எல்.பி. ஊசி அதில் மூன்றில் ஒரு பங்கே இருப்பதால் பள்ளத்தின் அடியில் உள்ள அழுக்கைச் சுரண்டிக்கொண்டு ஓடும். வேகத்தையும் கவனியுங்கள். ஆரம்ப காலத் தட்டுகள் எல்லாம் துல்லியமாக 78 சுழற்சியில் பதிவானவை அல்ல. 74இல் பதிவானதை 78இல் ஓட்டினால் சுருதி கிட்டத்தட்ட அரைக்கட்டை ஏறிவிடும். பாடகரின் குரலைப் பற்றியே தவறான முடிவுக்கு வந்துவிடுவோம். மூலப் பதிவை 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் அளவில் சுருக்கப்படாத கோப்பாகச் சேமியுங்கள். ஸ்டீரியோவில் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 2 ஜிபி இடம் பிடிக்கும். அந்த மூலக் கோப்பில் இரைச்சல் நீக்கும் மென்பொருளைத் தொடவே கூடாது. இரைச்சலோடு சேர்த்துத் தம்புராவையும் நீக்கிய கோப்புகளை நான் நிறையக் கேட்டிருக்கிறேன். கேட்பதற்கென்று தனிப்படி எடுத்து அதில் என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். டிஜிட்டலாக்கிய பிறகும் தட்டை எறிந்துவிடாதீர்கள். ஊசியே படாமல், வரிகளை ஒளியால் படம்பிடித்து ஒலியாக்கும் முறையை அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் உருவாக்கியிருக்கிறார்கள். அலெக்சாண்டர் கிரகாம் பெல் 1885இல் பதிவுசெய்த தம் குரலை 2013இல் மீட்டது அந்த முறைதான். மூலப்பொருள் பத்திரமாக இருந்ததால்தான் அது முடிந்தது.

மறுமொழி: நூலகத்துறை ஓய்வு

மேலே எழுதியவர் பொருளைக் காப்பது பற்றிச் சொல்லிவிட்டார். சட்டத்தையும் பட்டியலையும் பற்றிய பகுதிக்கு நான் விடை தர முயல்கிறேன்.

நீங்கள் குறிப்பிட்ட அமெரிக்கப் பட்டியல், அங்கு 2000ஆம் ஆண்டு இயற்றப்பட்ட தேசிய ஒலிப்பதிவுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வருவது. பண்பாட்டு வகையிலோ வரலாற்று வகையிலோ அழகியல் வகையிலோ சிறப்புடையதாகவும், பதிவாகிப் பத்து ஆண்டுகளாவது கடந்ததாகவும் இருக்கும் ஒலிப்பதிவுகளில் ஆண்டுக்கு 25 வரை நாடாளுமன்ற நூலகர் தேர்ந்தெடுக்கிறார். முதல் பட்டியல் 50 பதிவுகளோடு 2003 ஜனவரியில் அறிவிக்கப்பட்டது. அதில் மார்ட்டின் லூதர் கிங்கின் புகழ்பெற்ற உரையும், குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட்டின் வானொலிப் பேச்சுகளும் இருந்தன. அவற்றோடு, பாசமக்குவாடி என்னும் தொல்குடியினரின் பாடல்களையும் கதைகளையும் 1890இல் மெழுகு உருளைகளில் பதிவுசெய்த தொகுப்பும் சமமாக இடம்பெற்றது. பிற்காலத்தில் திமிங்கிலங்களின் பாட்டைப் பதிவுசெய்த எல்.பி. தட்டையும் சேர்த்தார்கள். சங்கீதம் மட்டுமே மரபு என்று எண்ணாமல், பேச்சு, வானொலி, இயற்கை ஆகியவற்றின் ஒலியையும் மரபாகக் கொண்டது அந்தச் சட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த அம்சம். அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் ஒலி, ஒளித் தொகுப்புகள் வர்ஜீனியாவில் கல்பெப்பர் என்ற ஊரில், அணு ஆயுதப் போர் வந்தால் பணத்தைப் பத்திரப்படுத்துவதற்காக மைய வங்கி மலைக்குள் கட்டியிருந்த கிடங்கில் 2007 முதல் பாதுகாக்கப்படுகின்றன.

இந்தியாவில் இதற்கு இணையான சட்டம் இல்லை. அதைவிட அடிப்படையான ஒரு குறை இருக்கிறது. 1954ஆம் ஆண்டின் நூல்கள் வழங்கல் சட்டத்தின்படி, வெளியாகும் ஒவ்வொரு நூலின் படியும் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சென்னைக் கன்னிமாரா நூலகம் உள்ளிட்ட நூலகங்களுக்கும் போய்ச் சேர வேண்டும். பிறகு செய்தித்தாள்களும் இதில் சேர்க்கப்பட்டன. இசைத்தட்டுக்கு அந்தக் கடமை இல்லை. அதற்கு முன்பும் இதே நிலைதான். 1867ஆம் ஆண்டின் அச்சகங்கள், நூல்கள் பதிவுச் சட்டத்தின்கீழ், அச்சாகும் சிறு பிரசுரங்களைக்கூட மூன்று மாதத்துக்கு ஒருமுறை அரசு பட்டியலிட்டது. ஆகவே, உங்கள் தாத்தாவிடம் இருந்த நாடக செட்டுக்குத் துணையாகச் சில அணாக்களுக்கு விற்ற பாட்டுப் புத்தகம் அரசின் கணக்கில் ஏறியிருக்க வாய்ப்பு உண்டு. அந்த நாடகத்தைப் பாடி நடித்தவர்களின் குரல் எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. பிரான்சில் 1938இல் தேசிய ஒலியகம் அமைத்து, வெளியாகும் தட்டுகளை அதில் சேர்க்கும் கடமையை நடைமுறைப்படுத்தினார்கள். நாம் அதைச் செய்யாததால்தான் நம் ஒலி மரபு பரண்களையும் தகரப் பெட்டிகளையும் நம்பி நிற்கிறது. உங்கள் வீட்டுத் தட்டுகள் பொதுச் செல்வமா என்று கேட்டீர்கள். பொது நூலகத்தில் இருந்திருக்க வேண்டிய படிதான் உங்கள் வீட்டில் இருக்கிறது என்பதே என் விடை.

பதிப்புரிமையைப் பொறுத்தவரை, நம் சட்டம் பழந்தட்டுகளுக்குச் சாதகமானது. ஒலிப்பதிவுக்கான உரிமை, அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகளில் முடிந்துவிடும். எனவே 1930களிலும் 40களிலும் வெளியான தட்டுகளின் பதிவுரிமை எப்போதோ காலாவதியாகிவிட்டது. (அமெரிக்காவில் 1923க்கு முந்தைய ஒலிப்பதிவுகளே 2022 ஜனவரி 1 அன்றுதான் பொதுவுடைமை ஆயின.) ஆனால் ஒரு தட்டுக்குள் மூன்று உரிமைகள் அடங்கியிருக்கின்றன என்பதை மறக்க வேண்டாம். பாடலை எழுதியவர், மெட்டு அமைத்தவர் ஆகியோரின் உரிமை அவர்கள் மறைவுக்குப் பின்னும் 60 ஆண்டுகள் நீடிக்கும். தியாகையர் கிருதியென்றால் கவலை இல்லை. 1980களில் காலமான ஒரு பாடலாசிரியரின் நாடகப் பாட்டென்றால் இணையத்தில் வைப்பதற்கு முன் யோசிக்க வேண்டும். பாதுகாப்பதற்காகப் படி எடுப்பது வேறு, ஊருக்கெல்லாம் வெளியிடுவது வேறு. வணிக நோக்கமில்லாத பொது நூலகம், தன்னிடம் உள்ள மூலப்படியைப் பாதுகாப்புக்காக மின்வடிவில் சேமிப்பதை 2012ஆம் ஆண்டுத் திருத்தம் வெளிப்படையாக அனுமதிக்கிறது. மூலத்தட்டுகளை ஒரு நூலகத்துக்குக் கொடுப்பதில் உள்ள நன்மைகளில் இதுவும் ஒன்று.

மறுமொழி: 78 சுழற்சி

நூலகத்துறை ஐயா சொன்ன சட்டக் குறையை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் அமெரிக்காவைப்போல் ஆண்டுக்கு 25 பதிவுகளைத் தேர்ந்தெடுக்கும் பட்டியல்தான் நமக்கு முதல் தேவை என்ற எண்ணம் இதைப் படிப்பவர்களுக்கு வந்துவிடக் கூடாது. எதையெல்லாம் பதிவுசெய்தார்கள் என்ற முழுக்கணக்கு இல்லாத இடத்தில் தேர்வுப் பட்டியல் போட்டால், ஏற்கெனவே புகழ்பெற்றவர்களே அதில் வருவார்கள். கிட்டப்பாவும் சுந்தராம்பாளும் வருவார்கள், வரவேண்டியவர்கள்தாம். ஒரே ஒரு தட்டு மட்டும் பாடிவிட்டு மறைந்த நாடகக் கலைஞரோ, ஊர் ஊராகச் சென்ற நாதஸ்வரக்காரரோ வரமாட்டார்கள்.

விவரக் குறிப்பு இல்லாத ஒலி பாதி ஒலிதான் என்பது நாற்பது ஆண்டுகள் தட்டுச் சேகரித்ததில் நான் கண்டது. இதற்கு ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். முதல் உலகப் போரின்போது பிரிட்டிஷ் படையில் இருந்து ஜெர்மனியிடம் சிறைப்பட்ட இந்தியச் சிப்பாய்களின் பேச்சையும் பாட்டையும், பெர்லினை அடுத்த வூன்ஸ்டார்ஃப் முகாமில் ஜெர்மன் அறிஞர்கள் பதிவுசெய்தார்கள். மொழி ஆராய்ச்சிக்காகச் செய்த வேலை அது. சிறையில் இருந்தவர்கள் மறுக்கும் நிலையில் இருந்தார்களா என்ற கேள்வி அந்தத் தட்டுகளை விட்டு என்றும் நீங்காது. ஆனால் ஒவ்வொரு பதிவோடும் பேசியவரின் பெயர், வயது, பிறந்த ஊர், தாய்மொழி ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி வைத்தார்கள். 1916 டிசம்பரில் மால் சிங் என்ற பஞ்சாபிச் சிப்பாய், தம்மையே வேறொருவர்போல் குறிப்பிட்டு, ஊரில் வெண்ணெய் உண்டு வாழ்ந்த ஒருவன் இந்தப் போரில் வந்து அகப்பட்டான், அவன் ஊர் திரும்ப விரும்புகிறான் என்ற பொருள்படப் பேசிய பதிவு இன்றும் பெர்லின் ஹும்போல்ட் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. அந்தத் தாள் இருப்பதால் இன்று அது ஒரு மனிதரின் குரலாக நமக்குக் கேட்கிறது. தாள் இல்லையென்றால் அது பஞ்சாபி மொழி மாதிரி என்பதோடு நின்றிருக்கும்.

உங்கள் தட்டுகளிலும் அந்தத் தாளுக்கு ஈடான செய்தி ஒளிந்திருக்கிறது. நடுக்காகிதத்தில் உள்ள வரிசை எண்ணைத் தவிர, காகிதத்துக்கும் கடைசி வரிக்கும் இடையே வெறுமையாக இருக்கும் பகுதியை விளக்கொளியில் சாய்த்துப் பாருங்கள். அங்கே பொறித்திருக்கும் எண், தட்டை அடித்தெடுத்த மூல அச்சின் எண். பதிவான காலத்தையும் பதிவு வரிசையையும் கண்டுபிடிக்க அதுவே ஆதாரம். மிகப் பழைய தட்டு ஏதாவது இருந்தால் முடிவு வரை கேளுங்கள். பாடி முடித்ததும் பாடகர் தம் பெயரைத் தாமே சொல்வார். 1902இல் கல்கத்தாவில் பதிவான பாடகி கௌஹர் ஜான் தட்டுகளில் இதைக் கேட்கலாம். அன்று மெழுகில் பதிந்ததைக் கப்பலில் ஹானோவருக்கு அனுப்பித்தான் தட்டு அடித்தார்கள். அங்கே இருந்த வேலையாட்களுக்கு நம் மொழி தெரியாது என்பதால் பெயரைச் சொல்லச் சொன்னார்கள். 1908இல் கல்கத்தாவிலேயே தொழிற்சாலை வந்த பிறகு அந்தத் தேவை குறைந்தது. உள்ளே ஒரு பெயர் இருந்தும், உறை மாறியதால் வேறொருவர் பெயரில் இணையத்தில் உலவும் பாடல்களை எண்ணி நான் வருந்தாத நாளில்லை.

எனவே ஓர் ஊசியும் படுவதற்கு முன், ஒவ்வொரு தட்டுக்கும் எண் கொடுத்து, இரண்டு பக்கங்களையும் படமெடுத்து, பட்டியலாக்குங்கள். உறை கிழிந்திருந்தாலும் எறியாதீர்கள். அதில் விற்ற கடையின் முத்திரை இருக்கும். உங்கள் தாத்தா எழுதிய குறிப்பு ஏதாவது இருந்தால், எந்தப் பாட்டை எந்தச் சடங்கில் போட்டார் என்பது உட்பட, அதையும் படமெடுங்கள். ஒரு தட்டை யார் பாடினார் என்பது மற்றொரு சேகரிப்பாளரிடம் கிடைக்கலாம், அதை எந்த ஊரில் எந்த வேளையில் கேட்டார்கள் என்பது மைக்செட்காரர் பெட்டியில் மட்டும்தான் கிடைக்கும்.

நிறுவனங்களிடம் ஒப்படைப்பது பற்றி என் அனுபவத்தைச் சொல்ல வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு நிறுவனத்துக்கு 60 தட்டுகளை நம்பிக்கையோடு கொடுத்தேன். பட்டியல் கேட்கவில்லை, ஒப்புகைச் சீட்டும் வாங்கவில்லை. பிறகு சென்று கேட்டபோது அவை எந்த அறையில் இருக்கின்றன என்பதே அங்குள்ளவர்களுக்குத் தெரியவில்லை. அதன் பிறகு யாருக்குக் கொடுத்தாலும் எழுத்து வடிவில் ஒப்பந்தம், இணைப்பாக முழுப்பட்டியல், டிஜிட்டல் படி ஒன்று எனக்குத் திரும்ப வரவேண்டும் என்ற நிபந்தனை ஆகிய மூன்றும் இல்லாமல் கொடுப்பதில்லை. நல்ல முயற்சிகளும் நடந்திருக்கின்றன. இந்தியத் தட்டுச் சேகரிப்பாளர்கள் தங்கள் வீட்டிலிருந்த 'யங் இந்தியா', 'ஓடியன்' முத்திரைத் தட்டுகளைத் தர, பிரிட்டிஷ் நூலகத்தின் அழிநிலை ஆவணங்கள் திட்டத்தின் உதவியோடு அவை டிஜிட்டலாக்கப்பட்டன. 1982இல் தொடங்கி, இப்போது குருகிராமில் இயங்கும் இசையியல் ஆவணக் காப்பகம், களப்பதிவுகளை உரிமை விவரங்களோடு ஏற்றுப் பாதுகாக்கிறது. சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தை முதலில் அணுகிப் பாருங்கள்.

மறுமொழி: வடமராட்சி

இலங்கையிலிருந்து எழுதுகிறேன். 1925இல் தொடங்கிய எங்கள் வானொலியின் இசைத்தட்டுக் களஞ்சியத்தைப் பற்றித் தமிழ்நாட்டு அன்பர்கள் அறிந்திருப்பீர்கள். வானொலியில் இருந்தவை ஒருவாறு தப்பின. வீடுகளில் இருந்தவை தப்பவில்லை. 1995இல் யாழ்ப்பாணத்தை விட்டு ஒரே இரவில் வெளியேறியபோது எங்கள் அம்மா நகைகளையும் பிறப்புச் சான்றிதழ்களையும் எடுத்தார். ஐயாவின் நாதஸ்வரத் தட்டுகள் கனமானவை, உடையக்கூடியவை, அவற்றை யாரும் தூக்கவில்லை. திரும்பி வந்தபோது கூரையும் இல்லை, தட்டும் இல்லை. எந்தெந்தத் தட்டுகள் இருந்தன என்றுகூட எங்களால் இப்போது சொல்ல முடியவில்லை. ஆகையால், படிகளை ஒரே ஊரில் வைக்காதீர்கள் தம்பி. ஒன்று உங்கள் வீட்டில் இருந்தால் இன்னொன்று வேறு மாவட்டத்திலோ வேறு நாட்டிலோ இருக்கட்டும்.

மறுமொழி: மைக்செட்காரர் பேரன்

எல்லோருக்கும் என் நன்றி. மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். ஸ்பிரிட் புட்டியைத் திறக்கவே இல்லை. டேப்புகள் அன்றே வேறு அறைக்குப் போய்விட்டன.

தட்டுகளை எண்ணி முடித்தேன். 213 இருக்கின்றன, அவற்றில் 19 விரிசல் விட்டவை. இரண்டு பக்கங்களையும் படமெடுத்து, அச்சின் எண்ணோடு பட்டியலிட்டு வருகிறேன். பாதிக்குமேல் முடிந்துவிட்டது. ஓரத்தில் உலோகம் தெரியும் தட்டு எதுவும் இல்லை. '78 சுழற்சி' ஐயா சொன்னபடி உறைகளைப் பார்த்தபோது, சிலவற்றின் மூலையில் தாத்தா பென்சிலால் 'மா.அ.' என்றும் 'ஊ.' என்றும் எழுதியிருப்பது தெரிந்தது. அம்மாவிடம் கேட்டேன். மாப்பிள்ளை அழைப்பு, ஊஞ்சல் என்றார். எந்தத் தட்டை எப்போது போட வேண்டும் என்பதற்கு அவர் வைத்திருந்த அடையாளம் அது. இவற்றையும் பட்டியலில் தனி நிரலாகச் சேர்த்திருக்கிறேன்.

ஒன்பது டேப்புகளில் இரண்டில் வினிகர் நெடி அடிக்கிறது. அவற்றில் ஒன்றின் பெட்டிக்குள் மடித்த தாள் ஒன்று இருந்தது. 1968ஆம் ஆண்டு எங்கள் ஊர் மாரியம்மன் கோயில் திருவிழாவின் ஆறாம் நாள் என்றும், நாதஸ்வரம், தவில் வாசித்த நால்வரின் பெயர்களும், 'மழை வந்து பாதியில் நின்றது' என்றும் எழுதியிருக்கிறது. அந்த நால்வரில் ஒருவரின் மகள் இன்றும் எங்கள் ஊரில்தான் இருக்கிறார். அவரிடம் சென்று சொன்னேன். தம் தகப்பனார் வாசித்த எதுவும் தங்கள் வீட்டில் பதிவாக இல்லை என்றும், டிஜிட்டலாக்கும்போது தாமும் உடன் இருக்க வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார். 'ஒலிநாடா' ஐயா தம் இயந்திரத்தோடு அடுத்த ஞாயிறு வருவதாகத் தனிச்செய்தியில் தெரிவித்திருக்கிறார். அந்த டேப்பிலிருந்தே தொடங்குகிறோம்.